ஒன்பதாம் வகுப்பு பனியாறு பாடமும் காலநிலை மாற்றமும்: மொரைன்ல இருந்து ஆரம்பிங்க

கேள்வியை முதல்ல சுருக்கமா போட்டுடறேன், புதுசா படிக்கிறவங்களுக்கும் புரியணும்ல. பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா, சமூக அறிவியல்ல பனியாறு பாடத்துல சர்க்கு, அரெட்டு, தொங்கும் பள்ளத்தாக்கு, மொரைன், டிரம்ளின், எஸ்கர்னு ஒரு லிஸ்ட்டை உக்காந்து உருப்போடுறா, நம்ம ஊர்ல ஃப்ரீசரைத் தவிர எங்கயும் பனிக்கட்டி கிடையாது, இதை எதுக்கு படிக்கணும், காலநிலை மாற்றம்னு தனியா வேற படிக்க வேண்டியிருக்கே, ரெண்டையும் எப்படி சேர்த்து சொல்லிக்குடுக்கிறது, அதோட 2035ல இமயமலைல பனியே இருக்காது கங்கை வத்திடும்னு வாட்ஸாப்ல வந்தது நிஜமா. இது தான் கேட்டிருந்தீங்க.

2035 விஷயம் நிஜம் இல்ல, அது எங்க இருந்து வந்துச்சுன்னு கீழ சொல்றேன். முதல் கேள்வி தான் எனக்கு முக்கியமா படுது, ஏன்னா ரொம்ப வருஷமா பசங்களுக்கு ஜியாக்ரபி சொல்லிக்குடுத்துட்டு இருக்கேன், இந்தப் பாடத்தை எல்லாரும் டெஃபனிஷன் பாடமாவே நடத்திட்டுப் போயிடறாங்க. சர்க்குன்னா நாற்காலி மாதிரி பள்ளம், அரெட்டுன்னா கூரான முகடு, அஞ்சு மார்க், அடுத்த பாடம். ஆனா காலநிலை மாறும்ங்கிற விஷயமே மனுஷனுக்குத் தெரிய வந்தது இந்த நிலத்தோற்றங்களைப் பார்த்து தான். கார்பன் டை ஆக்ஸைடு கணக்கு பிறந்ததும் இதுக்கு விளக்கம் தேடி தான். அதனால ரெண்டும் வேற வேற பாடம்ங்கிறதே தப்பு. லிஸ்ட்ல இருக்கிற எல்லாத்தையும் விட்டுட்டு மொரைன் ஒண்ணை மட்டும் பிடிச்சுக்கோங்க, மீதி தானா வரும்.

பனியாறுன்னா மலைச்சரிவுல ஆறு மாதிரி மெதுவா கீழ நகர்ற பெரிய பனிக்கட்டி, மொரைன்னா அது சுமந்துட்டு வந்து போட்ட கல்லும் மண்ணும். இதை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறதுன்னு கேட்டா பசங்க முழிப்பாங்க. ஆத்து மணலைப் பாருங்க, தண்ணி எப்பவும் தரம் பிரிக்கும், பெரிய கல்லை மேலயே விட்டுடும், கூழாங்கல்லை கொஞ்சம் கீழ, மணலை இன்னும் கீழ, வண்டலை கடைசியா டெல்டாவுல கொண்டு போய் விடும், கல்லெல்லாம் உருண்டு உருண்டு மழமழன்னு இருக்கும். பனிக்கட்டிக்கு அந்த வேலை தெரியாது. பஸ் சைஸ் பாறையும் மாவு மாதிரி பொடியும் ஒரே குவியல்ல கிடக்கும், கல்லு முனையெல்லாம் மழுங்காம இருக்கும், சில கல்லுல ஒரே திசைல கீறல் இருக்கும். அந்தக் கீறலைப் போட்டது பனிக்கட்டி இல்ல, அது பாறையை விட மெத்துனு தான் இருக்கும். அதோட அடியில உறைஞ்சு மாட்டிக்கிட்ட கல்லுங்க தான் தரைப்பாறையைத் தேய்க்குது, உப்புத்தாள் எப்படி வேலை செய்யுதோ அப்படி. இந்த ஒரு விஷயம் புரிஞ்சாலே யூ வடிவப் பள்ளத்தாக்கு ஏன் வருது, ஆத்துப் பள்ளத்தாக்கு ஏன் வி வடிவத்துல இருக்குங்கிறதும் புரிஞ்சிடும், ஆறு நடுவுல ஒரு கோடா அறுக்குது, பனியாறு பள்ளத்தாக்கு முழுக்க அடைச்சுக்கிட்டு அடியையும் பக்கவாட்டையும் சேர்த்து தேய்க்குது.

இப்ப கதைக்கு வர்றேன், இதை கிளாஸ்ல சொன்னா பசங்க நல்லா கேப்பாங்க. சுவிட்சர்லாந்துல பான்ய பள்ளத்தாக்குன்னு ஒண்ணு. அங்க பெரோதான்னு ஒரு மலைமான் வேட்டைக்காரர், பெரிய படிப்பெல்லாம் கிடையாது. பனியாறு இப்ப இருக்கிற இடத்துல இருந்து ரொம்ப தூரம் கீழ கூட இந்த மாதிரி பாறைகளும் கீறல்களும் இருக்கே, அப்ப ஒரு காலத்துல பனியாறு அது வரைக்கும் வந்திருக்கணும்னு அவர் சொன்னார். 1815ல அவர் வீட்ல தங்கின ஷார்பாந்தியேங்கிற சுரங்க அதிகாரி கிட்ட இதைச் சொல்ல, அவர் நம்பவே இல்ல. அந்தக் காலத்துல அந்தப் பாறைகளை பைபிள்ல வர்ற பிரளயம் அடிச்சுட்டு வந்து போட்டதுன்னு தான் படிச்சவங்களே நம்பிட்டு இருந்தாங்க. 1818ல அதே பள்ளத்தாக்குல ஜியெத்ரோ பனியாறு சரிஞ்சு ஆத்தை மறிச்சு பெரிய ஏரி ஆயிடுச்சு, வெனெட்ஸ்னு ஒரு இன்ஜினியர் பனிக்கட்டிக்குள்ள சுரங்கம் வெட்டி தண்ணியை கொஞ்சம் கொஞ்சமா வடிச்சாரு, பாதி வேலைல ஜூன் 16ம் தேதி அணை உடைஞ்சு நாப்பது பேருக்கு மேல செத்தாங்க. அந்த வெனெட்ஸ் பிற்பாடு பெரோதான் சொன்னதை ஏத்துக்கிட்டாரு, அவர் ஷார்பாந்தியேவை மாத்தினாரு, ஷார்பாந்தியே லூயி அகாசிங்கிற விஞ்ஞானியை மாத்தினாரு, அகாசி 1837ல நியூஷாடெல்ல நடந்த கூட்டத்துல பனியுகம்னு ஒண்ணு இருந்துச்சுன்னு அறிவிச்சாரு. புக்ல பேர் வர்றது அகாசிக்கு மட்டும் தான், அது எப்பவும் நடக்கிறது தானே.

பனியுகம் இருந்துச்சுன்னு ஒத்துக்கிட்டா அடுத்த கேள்வி ஏன் வந்துச்சு ஏன் போச்சு. இங்க தான் ரெண்டு பாடமும் ஒட்டுது. ஜான் டிண்டல்னு ஒருத்தர், ஆல்ப்ஸ்ல பனியாறு எப்படி நகருதுன்னு ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்த மலையேறி, அவர் தான் 1859ல எந்தெந்த வாயு வெப்பத்தை உறிஞ்சுதுன்னு லேப்ல அளந்தாரு, நீராவியும் கார்பன் டை ஆக்ஸைடும் உறிஞ்சுது, ஆக்ஸிஜனும் நைட்ரஜனும் கண்டுக்கவே இல்ல. அவருக்கு மூணு வருஷம் முன்னாடி யூனிஸ் ஃபூட்னு ஒரு அமெரிக்க அம்மா கார்பன் டை ஆக்ஸைடு அடைச்ச கண்ணாடிக் குழாய் வெயில்ல அதிகமா சூடாகுதுன்னு காட்டியிருந்தாங்க, ரொம்ப நாள் யாரும் அவங்களைப் பேசவே இல்ல. அப்புறம் 1896ல ஸ்வீடன்ல அர்ரீனியஸ் பேனாவும் பேப்பரும் வச்சு மாசக்கணக்கா கணக்குப் போட்டாரு, காத்துல கார்பன் டை ஆக்ஸைடு குறைஞ்சா பூமி எவ்வளவு குளிரும், இரட்டிப்பானா எவ்வளவு சூடாகும்னு. அவர் விடை தேடினது பனியுகத்துக்கு! குளோபல் வார்மிங் பத்தி கவலைப்பட்டெல்லாம் அந்தக் கணக்கைப் போடல, சூடானா ஸ்வீடனுக்கு நல்லது தானேங்கிற மனுஷன் அவரு. ஆனா இன்னிக்கு நாம பேசுற கணக்கோட முதல் வடிவம் அது தான். அப்ப பள்ளத்தாக்குல கிடக்கிற அந்தக் கல்லுக்குவியலுக்கும் கார்பன் கணக்குக்கும் நேர் கோடு இருக்கா இல்லையா.

நம்பர் சொல்லணும்னா இது போதும். கடைசி பனியுகம் உச்சத்துல இருந்தது சுமார் 20,000 வருஷம் முன்னாடி. அப்ப பூமியோட சராசரி வெப்பநிலை தொழிற்புரட்சிக்கு முந்தி இருந்ததை விட 5, 6 டிகிரி கம்மி. அவ்வளவு தான், வெறும் 5, 6 டிகிரி, அதுக்கே கனடா கிட்டத்தட்ட முழுக்க, வடக்கு ஐரோப்பா பெரும்பாலும் கிலோமீட்டர் கணக்குல பனி. அவ்வளவு தண்ணியும் பனியா நிலத்து மேல ஏறி உக்காந்ததால கடல் மட்டம் சுமார் 120 மீட்டர் கீழ இருந்துச்சு. இது நமக்கு நேரா சம்பந்தம் உள்ள விஷயம், ஏன்னா பாக் நீரிணை பெரும்பாலும் 15 மீட்டர் ஆழத்துக்குள்ள தான், அதனால அப்ப ராமேஸ்வரத்துல இருந்து இலங்கைக்கு நடந்தே போகலாம், கடலே கிடையாது. நம்ம ஊர்ல பனிக்கட்டி இல்லைன்னு சொன்னீங்களே, பனியாறு எங்கயோ இருந்துக்கிட்டு நம்ம கடற்கரை எங்க இருக்கணும்னு முடிவு பண்ணியிருக்கு. பொண்ணுகிட்ட மேப்பைக் காட்டி இதைச் சொல்லுங்க, பூமி 1.5 டிகிரி சூடாகுறதுக்கு ஏன் உலகமே அலறுதுன்னு தனியா விளக்க வேண்டியதே இருக்காது.

உடனே ஒரு கேள்வி வரும், பெரியவங்களே கேப்பாங்க, அப்ப இயற்கையாவே மாறிட்டுத் தானே இருந்துச்சு இப்ப மட்டும் மனுஷன் மேல ஏன் பழி போடறீங்கன்னு. நியாயமான கேள்வி, திட்டக்கூடாது. பழைய பனியுகங்களுக்கு ஆரம்பப்புள்ளி பூமி சூரியனைச் சுத்துற பாதையிலயும் அச்சு சாய்விலயும் வர்ற மெதுவான மாற்றம், 1,00,000 வருஷம், 41,000 வருஷம், 23,000 வருஷம்னு சுழற்சிகள், மிலன்கோவிச்ங்கிற விஞ்ஞானி போட்ட கணக்கு. அது லேசா தள்ளிவிடும், கார்பன் டை ஆக்ஸைடு அதைப் பெருசாக்கும். அண்டார்டிகா பனிக்குள்ள மாட்டிக்கிட்ட காத்துக் குமிழியை எடுத்து 8,00,000 வருஷக் கணக்கு பார்த்திருக்காங்க, பனியுகத்துல காத்துல கார்பன் டை ஆக்ஸைடு பத்து லட்சத்துக்கு 180 பங்கு, நடுவுல வர்ற வெதுவெதுப்பான காலத்துல 280 ஒட்டி, இப்படித்தான் ஏறி இறங்கிட்டு இருந்துச்சு. இப்ப 420ஐத் தாண்டிடுச்சு. பனியுகத்துல இருந்து வெளிய வர்றதுக்கு அந்த 5, 6 டிகிரி ஏற ஏறக்குறைய 10,000 வருஷம் ஆச்சு, நாம ஒரு டிகிரிக்கு மேல ஏத்தினது 150 வருஷத்துக்குள்ள. இந்த ரெண்டு வேகத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுட்டா போதும், வாதம் தேவையில்ல.

அடுத்தது பனியாறு பின்வாங்குதுன்னு எல்லா புக்லயும் எழுதியிருப்பாங்க. பசங்க மனசுல அது ரிவர்ஸ் கியர் போட்டு மேல ஏறுதுன்னு பதிஞ்சிடுது, பரீட்சை பேப்பர்ல படமே அப்படி அம்புக்குறி போட்டு வரைவாங்க. பனி எப்பவும் கீழ நோக்கித் தான் நகரும், ஒரு நாளும் மேல போகாது. மேல விழற பனி இறுகி கீழ வருது, முனையில உருகுது, வர்றதை விட உருகுறது அதிகமானா முனை இருக்கிற இடம் மேல தள்ளிப் போகும், அவ்வளவு தான். கங்கோத்ரி பனியாறு சுமார் 30 கிலோமீட்டர் நீளம், அதோட முனை தான் கோமுக், பாகீரதி அங்க இருந்து தான் வெளிய வருது. 1935ல இந்திய புவியியல் ஆய்வுத் துறையோட ஆடன் அந்த முனையை அளந்து மேப் போட்டாரு, அதுக்கப்புறம் 1996க்குள்ள ஒரு கிலோமீட்டருக்கு மேல தள்ளிப் போயிருக்கு, வருஷத்துக்கு 20 மீட்டர் ஒட்டி. அதுக்கும் ரொம்ப முன்னாடி, பல பத்தாயிரம் வருஷம் முன்னாடி, அதே பனியாறு கோமுக்ல இருந்து சுமார் 40 கிலோமீட்டர் கீழ ஜாலா வரைக்கும் வந்திருக்கு, ஹர்சில் பக்கம் பள்ளத்தாக்கு அவ்வளவு அகலமா இருக்கிறதுக்கு அது தான் காரணம். யாத்திரை போறவங்க பஸ் ஜன்னல் வழியா பாக்குறதே யூ வடிவப் பள்ளத்தாக்கு தான், பாடத்துல படிச்சதுன்னு யாருக்கும் தோணுறதில்ல.

முனை எங்க இருக்குன்னு மட்டும் பார்த்து முடிவு பண்ணவும் கூடாது. நம்ம இமயமலை பனியாறு நிறைய மேல கல்லும் மண்ணும் மூடிக்கிட்டு அழுக்கா இருக்கும், போட்டோ பார்த்தா பனியாறுன்னே சொல்ல மாட்டீங்க. ஒரு செண்டிமீட்டர் அளவுல மெல்லிசா தூசி படிஞ்சா கறுப்பா இருக்கிறதால வெயிலை இழுத்து சீக்கிரம் உருகும், அதே மூடல் அரை மீட்டர் கனமா இருந்தா போர்வையா மாறி உருகுறதைத் தடுக்கும். அதனால முனை நகராம அப்படியே நிக்கும், உள்ளுக்குள்ள பனி மெலிஞ்சுட்டே போகும். இதைக் கண்டுபிடிக்க ஆள் ஏறிப் போய் அளக்கணும். லாஹௌல் ஸ்பிதில சோட்டா ஷிக்ரின்னு ஒரு பனியாறு, 2002ல இருந்து வருஷா வருஷம் அளக்கிறாங்க. முறை ரொம்ப எளிமை, நீராவி டிரில் வச்சு பனிக்குள்ள ஆழமா ஓட்டை போட்டு மூங்கில் குச்சியை இறக்கிடுவாங்க, அடுத்த வருஷம் கோடை முடிஞ்சதும் போய் குச்சி எவ்வளவு வெளிய தெரியுதுன்னு டேப் வச்சு அளப்பாங்க, அது தான் உருகின கனம். மேல பனி சேர்ற இடத்துல குழி தோண்டி எவ்வளவு சேர்ந்துச்சுன்னு பார்த்து கழிச்சா வரவு செலவு தெரிஞ்சிடும். இன்னொரு பக்கம், அமெரிக்கா பனிப்போர் காலத்துல வேவு பார்க்க அனுப்பின ஹெக்ஸகன் சாட்டிலைட் எடுத்த பழைய ஃபிலிமை வச்சு 650 இமயமலை பனியாறுகளை ஒப்பிட்டு 2019ல ஒரு ஆய்வு வந்துச்சு, 1975ல இருந்து 2000 வரை கரைஞ்ச வேகத்தைப் போல ரெண்டு மடங்கு வேகத்துல 2000க்கு அப்புறம் கரையுதுன்னு.

இப்ப 2035. ஐபிசிசிங்கிற ஐநா காலநிலைக் குழு 2007ல போட்ட அறிக்கைல 2035க்குள்ள இமயமலை பனியாறு எல்லாம் காணாமப் போக வாய்ப்பு அதிகம்னு ஒரு வரி வந்துடுச்சு, முறையா ஆராய்ச்சி பண்ணின ஆதாரம் இல்லாம. 2010 ஜனவரில அவங்களே தப்புன்னு ஒத்துக்கிட்டு வாபஸ் வாங்கிட்டாங்க. வாபஸ் வாங்கின செய்தி ஃபார்வர்ட் ஆகல, பழைய வரி மட்டும் இன்னும் சுத்துது. உண்மை நிலவரம், காத்மாண்டுல இருக்கிற ஐசிமாட்ங்கிற மலைப்பகுதி ஆராய்ச்சி அமைப்பு 2023ல சொன்னது: உலகம் சூடாகுறது 1.5ல இருந்து 2 டிகிரிக்குள்ள நின்னா 2100க்குள்ள இந்துகுஷ் இமயமலைப் பகுதி பனியாறுகள்ல 30ல இருந்து 50 சதவீதம் வரை போகும், கட்டுப்பாடே இல்லாம போனா 80 சதவீதம் வரை போகலாம். கங்கை வத்திடுமான்னா, வத்தாது. கங்கையில ஓடுறது பெரும்பாலும் மழைத்தண்ணி, சமவெளி மொத்தத்துக்கும் பார்த்தா பனியும் பனியாறும் தர்றது பத்துல ஒரு பங்கு அளவு தான். சிந்து நதி கதை வேற, அதுக்கு மழை கம்மி, உருகுற பனி தான் சோறு போடுது. கங்கைலயும் மேல உத்தராகண்ட்ல, மழைக்கு முந்தின ஏப்ரல், மே மாசத்துல அந்த உருகுற தண்ணி ரொம்ப முக்கியம். இன்னொண்ணு, பனியாறு கரையுறப்ப முதல்ல ஆத்துல தண்ணி கூடும், ஒரு உச்சத்துக்குப் போய் அப்புறம் தான் குறையும், அதனால இப்ப தண்ணி நல்லா ஓடுதே எங்க குறைஞ்சுதுன்னு கேக்குறவங்களுக்கும் பதில் இதுலயே இருக்கு.

சரி, மறுபடி மொரைனுக்கு வாங்க. மொரைன் ஏதோ செத்துப் போன பனியுகத்தோட மிச்சம்னு மட்டும் நினைக்க வேண்டாம், இன்னிக்கு உயிரைக் குடிக்கிறதும் அது தான். பனியாறு சுருங்கும்போது முனைக்கும் முன்னாடி போட்ட மொரைனுக்கும் நடுவுல பள்ளம் விழும், உருகின தண்ணி அங்க ஏரியா நிக்கும், அந்த ஏரிக்கு அணை எதுன்னா சிமெண்ட்டும் கிடையாது கம்பியும் கிடையாது, மேல சொன்னேனே தரம் பிரியாத கல்லும் பொடியும் கலந்த குவியல், சில இடத்துல உள்ளுக்குள்ள பனிக்கட்டியும் புதைஞ்சிருக்கும். 2013 ஜூன்ல கேதார்நாத். கோயிலுக்கு சுமார் 2 கிலோமீட்டர் மேல சோராபாரி பனியாறு பக்கத்துல சின்ன ஏரி, காந்தி சரோவர்னு பேரு, பக்க மொரைன், அதாவது பனியாறு தன் ஓரத்துல விட்டுட்டுப் போன குவியல் தான் கரை. கொட்டின மழைல ஏரி நிரம்பி 17ம் தேதி காலைல கரை உடைஞ்சுது, ஏரி சில நிமிஷத்துல காலி. அந்த வெள்ளத்துல கோயிலுக்குப் பின்னாடி வந்து நின்ன பெரிய பாறையை பீம் ஷிலான்னு இன்னிக்கு கும்பிடறாங்க. மழை மண்சரிவு எல்லாம் சேர்த்து உத்தராகண்ட்ல அந்த சில நாள்ல ஐயாயிரம் பேருக்கு மேல போயிட்டாங்க.

சிக்கிம்ல தெற்கு லோனாக் ஏரி இன்னும் தெளிவான உதாரணம். 5,200 மீட்டர் உயரத்துல, 1960கள்ல சின்னதா இருந்தது, பனியாறு சுருங்கச் சுருங்க ஏரி நீண்டுக்கிட்டே போச்சு. ஆபத்துன்னு தெரிஞ்சு 2016லயே அவ்வளவு உயரத்துக்கு பிளாஸ்டிக் பைப்பை தூக்கிட்டுப் போய் சைஃபன் வச்சு தண்ணியை இறக்கப் பார்த்தாங்க, ஏரி சைஸுக்கு அது பத்தல. 2023 அக்டோபர் 3 ராத்திரி, ஏரிக்கு மேல இருந்த பக்க மொரைன்ல ஒன்றரை கோடி கன மீட்டர் கிட்ட சரிஞ்சு தண்ணிக்குள்ள விழுந்துச்சு, அது அதுவரைக்கும் உறைஞ்சு கெட்டியா இருந்த மண்ணு. சுமார் 20 மீட்டர் அலை எழும்பி முன்னாடி இருந்த மொரைன் அணையை அறுத்துட்டுப் போச்சு. தண்ணி தீஸ்தா வழியா இறங்கி சுங்தாங்ல 1,200 மெகாவாட் நீர்மின் திட்டத்தோட அணையையே அடிச்சுட்டுப் போய் வங்கதேசம் வரைக்கும் வெள்ளம். இந்த ஒரு சம்பவத்துல பாடத்தோட பாதி இருக்கு பாருங்க, பக்க மொரைன், முனை மொரைன், பனியாற்று ஏரி எல்லாம்.

ஆனா எல்லாத்தையும் பனியாறு வெடிச்சுதுன்னு எழுதுறதை நம்பாதீங்க. 2021 பிப்ரவரி 7 சமோலில 200 பேருக்கு மேல செத்தும் காணாமலும் போனாங்களே, டிவில அன்னிக்கு முழுக்க பனியாறு வெடிப்புன்னு ஓடுச்சு. அங்க ஏரியே கிடையாது. ரோண்டி சிகரத்துல இருந்து 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனியும் பேர்த்துக்கிட்டு விழுந்துச்சு, அதுல 80 சதவீதம் பாறை, மீதி பனி விழுற வேகத்துல உரசி உருகி சேறா ஓடுச்சு. பனிக்காலத்துல ஏது இவ்வளவு தண்ணின்னு குழம்பினவங்களுக்கு விடை அது. 2025 மே 28 சுவிட்சர்லாந்துல பிளாட்டன் கிராமத்தையும் இதே மாதிரி தான், மேல மலை இடிஞ்சு பிர்ச் பனியாறு மேல விழுந்து ரெண்டும் சேர்ந்து ஊரை மூடிடுச்சு. வித்தியாசம் என்னன்னா அங்க பல நாள் முன்னாடியே ஊரை காலி பண்ணிட்டாங்க, 300 பேரும் ஆடு மாடும் வெளிய.

இனி வீட்ல எப்படி சொல்லிக்குடுக்கிறது. கூகுள் எர்த்ல கோமுக்னு அடிச்சு சாய்ச்சுப் பார்க்கச் சொல்லுங்க, பள்ளத்தாக்கு ரெண்டு பக்கமும் மதில் மாதிரி நீளமா ஓடுற பக்க மொரைன் தெளிவா தெரியும், அந்த மதிலோட உச்சிக்கும் இப்ப பனி இருக்கிற மட்டத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் தான் அந்த மொரைன் உருவான காலத்துல இருந்து மெலிஞ்ச பனி. தெற்கு லோனாக்குக்கு பழைய வருஷப் படங்களை ஓட்டிப் பார்த்தா ஏரி வளர்றதே தெரியும். இன்னொண்ணு, ஒரு டிபன் பாக்ஸ்ல மணல், ஜல்லி, கொஞ்சம் களிமண் போட்டு தண்ணி ஊத்தி ஃப்ரீசர்ல வைங்க, உறைஞ்சதும் எடுத்து சோப்புக் கட்டி மேல அழுத்தித் தேய்க்கச் சொல்லுங்க, கீறல் விழும் (மொசைக் தரைல தேய்க்க விடாதீங்க, வீட்டு ஓனர் கேப்பாரு). அப்புறம் அதை சாய்ச்ச தட்டுல வச்சு உருக விடுங்க, ஜல்லியும் மண்ணும் கலந்து விழுற குவியல் தான் மொரைன், அதைத் தாண்டி ஓடுற தண்ணி மெல்லிசா மணலை மட்டும் பிரிச்சு விட்டுட்டுப் போகும் பாருங்க, அது தான் புக்ல வர்ற பனியாற்று வண்டல் சமவெளி.

பரீட்சைக்கு டெஃபனிஷனும் வேணும், அதை வேண்டாம்னு சொல்ல மாட்டேன், மார்க் போடறவங்க கீ பார்த்துத் தான் போடுவாங்க. ஆனா படிக்கிற வரிசையை மாத்துங்க. அரிச்சு உண்டாக்கினது ஒரு பக்கம், சர்க்கு, அரெட்டு, யூ பள்ளத்தாக்கு, தொங்கும் பள்ளத்தாக்கு (பெரிய பள்ளத்தாக்கோட தரைக்கு மேல உசரத்துல வந்து முடியுற கிளைப் பள்ளத்தாக்கு), இது எல்லாம் மேல மலையில இருக்கும். படிய வச்சது இன்னொரு பக்கம், மொரைன், டிரம்ளின், எஸ்கர், வண்டல் சமவெளி, இது எல்லாம் பெரும்பாலும் கீழ. ஒரே படத்துல மலை உச்சில இருந்து சமவெளி வரைக்கும் வரைஞ்சு பேர் எழுதச் சொல்லுங்க, தனித்தனியா எட்டு படம் வேண்டாம். டிரம்ளினும் எஸ்கரும் தான் எல்லாருக்கும் குழப்பும், டிரம்ளின் பனிக்கு அடியில உருவான முட்டை வடிவ மேடு, எஸ்கர் பனிக்கு அடியில சுரங்கம் மாதிரி ஓடின ஆறு விட்டுட்டுப் போன வளைஞ்சு நெளிஞ்ச மணல் வரப்பு, இதுல கல்லு கொஞ்சம் தரம் பிரிஞ்சு இருக்கும், ஏன்னா அதைப் போட்டது தண்ணி. காரணத்தை உங்க பொண்ணையே சொல்லச் சொல்லிப் பாருங்க, அந்த சோப்புக்கட்டி சோதனை பண்ணின பிறகு.